விலை இறங்குது, தீவனம் ஏறுது: வெண்பன்றி வளர்ப்போர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான். வியாபாரி கேட்கும் விலை போன வருஷத்தை விடக் குறைவு, தீவன மூட்டை விலை மட்டும் குறையவே இல்லை. நானும் பாலக்கோடு பக்கம் கொட்டகை போட்டு வளர்த்தவன் என்பதால் இந்தக் கடிதங்களைச் சும்மா படித்துவிட்டு வைக்க முடியவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த ஆறு கேள்விகளை எடுத்துக்கொண்டு, முடிந்த வரைக்கும் கணக்கோடு எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என்னிடம் 12 பன்றிகள் இருக்கின்றன. 8 உருப்படி 90 கிலோ வந்துவிட்டது, மீதி 4 உருப்படி 65 கிலோ இருக்கும். குட்டி ஒன்று 4,000 ரூபாய்க்கு வாங்கினேன். கம்பெனி தீவனம் 50 கிலோ மூட்டை 1,750 ரூபாய். வியாபாரி உயிர் எடைக்குக் கிலோ 130 தான் தருவேன் என்கிறார். ஐப்பசி பிறந்துவிட்டது, கிறிஸ்துமஸுக்கு விலை ஏறும் என்கிறார்கள். நிறுத்தி வைக்கலாமா?
பாலக்கோடு வாசகர்

தம்பி, நிறுத்துவதா விற்பதா என்று பார்ப்பதற்கு முன்னால் உங்களுக்கு ஒரு கிலோ எவ்வளவில் அடங்கியது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் கடிதத்தில் எல்லாம் எழுதிய நீங்கள் அந்த ஒரு எண்ணை எழுதவில்லை. 10 கிலோ குட்டி 90 கிலோ ஆக வேண்டுமானால் 80 கிலோ எடை கூட வேண்டும். நம் கொட்டகைகளில் ஒரு கிலோ எடை கூட ஏறக்குறைய 3.3 கிலோ தீவனம் போகிறது, நல்ல பராமரிப்பில் மூன்றுக்கும் வரும், கவனிப்பு குறைந்தால் நான்கைத் தாண்டும். 3.3 என்றே வைத்தால் 264 கிலோ தீவனம். உங்கள் மூட்டை விலைப்படி கிலோ 35 ரூபாய், ஆக 9,240 ரூபாய். குட்டி விலை 4,000, மருந்து, கரண்ட், குடற்புழு நீக்கம் எல்லாம் சேர்த்து ஒரு 600. மொத்தம் 13,840. அதை 90 ஆல் வகுத்தால் கிலோ 154 ரூபாய் அடங்குகிறது. 130க்குக் கொடுத்தால் ஒரு பன்றிக்கு 2,100 ரூபாய்க்கு மேல் கையை விட்டுப் போகிறது, உங்கள் வீட்டு ஆள் உழைப்பை இதில் நான் சேர்க்கவே இல்லை.

எழுதவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் இது தெரிந்தால்தான் அடுத்த முடிவு எடுக்க முடியும். இப்போது நிறுத்தி வைப்பதைப் பார்ப்போம். 90 கிலோ பன்றி நாளைக்கு 3 கிலோ தின்னும், அது 105 ரூபாய். அது தின்று ஏறுவது நாளைக்கு 650 கிராம், அதிகம் போனால் 700. இன்றைய 130 ரூபாயில் அந்த எடையின் மதிப்பு 85லிருந்து 91 ரூபாய். அதாவது விலை அப்படியே நின்றால் நிறுத்தி வைக்கும் ஒவ்வொரு நாளும் உருப்படிக்குப் பதினைந்து, இருபது ரூபாய் போகிறது. ஒரு மாதம் கழித்து விலை 136 வந்தால்தான் இன்றைக்கு விற்ற கணக்குக்குச் சமம், அதற்கு மேல் ஏறுவதுதான் உங்களுக்கு மிச்சம். அப்போது பன்றி 110 கிலோ இருக்கும், கொழுப்பு ஏறிப்போச்சு என்று வியாபாரி கிலோவுக்கு ஐந்து பத்து கழிப்பார், அவர் கழிக்காவிட்டாலும் 90, 100 கிலோவுக்கு மேல் அதே தீவனத்துக்கு எடை ஏறுவது குறைந்துகொண்டே போகும் என்பது நிஜம்.

என் யோசனை இதுதான்: 90 கிலோ வந்த எட்டையும் விற்றுவிடுங்கள், 65 கிலோ நான்கையும் நிறுத்துங்கள். அவை நாற்பது நாளில், டிசம்பர் பிறக்கும்போது சரியாக 90 தொடும், கேரளாவுக்கும் பெங்களூருக்கும் பண்டிகைக்கு ஏற்றுகிறவர்கள் அந்த மாதத்து முதல் இரண்டு வாரத்தில்தான் தேடிக்கொண்டு வருவார்கள். பண்டிகை முடிந்துவிட்டால் கேட்பு சட்டென்று விழும், அதனால் ஜனவரிக்கு ஒன்றைக் கூட மிச்சம் வைக்காதீர்கள்.

அப்புறம் அடுத்த வருஷத்துக்கு ஒன்று. குட்டி வாங்கி வளர்ப்பதில்தான் உங்கள் அடி இருக்கிறது. தாய்ப்பன்றி ஒன்று வருஷத்துக்குச் சுமார் ஆயிரம் கிலோ தீவனம் தின்னும், இரண்டு ஈற்றில் பதினாறு குட்டி பால் மறந்து நின்றால் ஒரு குட்டி ஏறக்குறைய 2,200 ரூபாயில் அடங்கிவிடும். சினைக்காலம் 114 நாள், ஊரில் சொல்வது போல மூணு மாசம் மூணு வாரம் மூணு நாள். ஜனவரி பொங்கலை ஒட்டி இணை சேர்த்தால் மே இரண்டாம் வாரம் குட்டி ஈனும், அந்தக் குட்டி டிசம்பரில் ஏழு மாதம் முடித்து விற்பனைக்கு நிற்கும்.

கேள்வி: கம்பெனி தீவனம் கட்டுப்படியாகவில்லை. நாமே அரைத்துக் கலக்கலாமா? எங்கள் பக்கம் மரவள்ளி திப்பி மலிவாகக் கிடைக்கிறது. ராகியும் இருக்கிறது. மக்காச்சோளம் மட்டும் ஏன் இப்படி ஏறிக்கொண்டே போகிறது?
அரூர் வாசகி

கட்டாயம் கலக்கலாம் அம்மா. வெண்பன்றி வளர்ப்பில் மொத்தச் செலவில் 70லிருந்து 75 விழுக்காடு தீவனம்தான், மிச்சம் பிடிக்க வேறு இடமே கிடையாது. வளரும் பன்றிக்கு, அதாவது 20 கிலோ தாண்டியதற்கு, நான் சொல்லும் கலவை: மக்காச்சோளம் 55 கிலோ, சோயா புண்ணாக்கு 20 கிலோ, அரிசித் தவிடு 22.5 கிலோ, தாது உப்புக் கலவை 2 கிலோ, சாப்பாட்டு உப்பு அரைக் கிலோ. ஆக 100 கிலோ. சோளம் 24, சோயா 45, தவிடு 22, தாது உப்பு 90 ரூபாய் என்று வைத்தால் கிலோ 29 ரூபாய் வருகிறது, உங்கள் கடை விலையைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள். புரதம் 16 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும், அது போதும். பால் மறந்த குட்டிக்கு மட்டும் இது ஆகாது, அதற்கு 20 விழுக்காட்டுக்குக் குறையாத குட்டித் தீவனம் வேண்டும், அந்த இடத்தில் காசு பார்க்க வேண்டாம். முதல் இரண்டு மாதத்தில் தேங்கிய குட்டி அப்புறம் எதைப் போட்டாலும் தேறுவது கஷ்டம்.

பாலக்கோட்டுத் தம்பிக்குப் போட்ட கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 35 ரூபாய்த் தீவனம் 29 ஆனால் பன்றிக்கு 1,584 ரூபாய் குறைகிறது. குட்டியும் சொந்தக் குட்டியாக இருந்தால் கிலோ 116 ரூபாயில் அடங்கும். அதே 130 ரூபாய் விலையில் அவருக்கு நஷ்டம், உங்களுக்கு லாபம்.

திப்பி விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். மரவள்ளியில் மாவை எடுத்த பிறகு மிஞ்சும் நார்ச் சக்கை அது, புரதம் இரண்டு மூன்று விழுக்காடுதான். வயிறு நிறையும், சதை பிடிக்காது. நன்றாக வெயிலில் காய்ந்த திப்பியை 100 கிலோவில் 15 கிலோ வரைக்கும் தவிட்டுக்குப் பதிலாகச் சேர்க்கலாம், ஆனால் குறைகிற புரதத்துக்கு சோயாவை இரண்டு கிலோ கூட்ட வேண்டும், அதற்கு அப்புறமும் மலிவாக வந்தால்தான் அது மலிவு. பச்சைக் கிழங்குத் தோலை அப்படியே போடவே கூடாது, அதில் சயனைடு விஷம் இருக்கிறது. ராகியை விற்றுவிட்டு அந்தக் காசில் சோளம் வாங்குங்கள். 2025-26க்கு அரசு அறிவித்த ஆதரவு விலை ராகிக்குக் குவிண்டால் 4,886 ரூபாய், மக்காச்சோளத்துக்கு 2,400. இரண்டு மடங்கு விலை போகிற தானியத்தைப் பன்றிக்குப் போட்டு என்ன ஆகப்போகிறது? மழையில் நனைந்து நிறம் போன ராகி, விலை போகாதது என்றால் சரி, பூஞ்சை இல்லாமல் இருந்தால்.

சோளம் ஏன் ஏறுகிறது என்று கேட்டிருந்தீர்கள். முன்பெல்லாம் சோளத்துக்குப் போட்டி நாமக்கல் கோழிப் பண்ணையும் மாவு மில்லும்தான். பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்கு இப்போது சோளம் பெரிய அளவில் போகிறது. 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்க மத்திய அரசு கட்டுப்பாடு போட்டதும் ஆலைகள் சோளத்தின் பக்கம் திரும்பின, சோள எத்தனாலுக்கு லிட்டர் 71.86 ரூபாய் என்று நல்ல விலையும் வைத்தார்கள். விளைவிக்கும் விவசாயிக்கு நல்லது, அதை நான் குறை சொல்ல மாட்டேன், வாங்கிப் போடுகிற நமக்குத்தான் பாரம். அந்த எத்தனால் ஆலைகளில் மிஞ்சும் உலர்ந்த சக்கை புரதத்துக்காகச் சந்தைக்கு வருகிறது, சோயாவை விட விலை குறைவு. ஆனால் சோளத்தில் பூஞ்சை நஞ்சு இருந்தால் அது சக்கையில் இரண்டு மூன்று மடங்காகச் சேர்ந்து வரும். அதனால் 100 கிலோ கலவையில் 5 கிலோவுக்கு மேல் போகாதீர்கள், சினைப் பன்றிக்கு அறவே வேண்டாம்.

பூஞ்சை என்றதும் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சோளத்தை அறுவடைக் காலத்தில் மொத்தமாக வாங்குவது நல்லதுதான், ஆனால் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும், ஈரம் 12, 13 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் மூட்டைக்குள்ளேயே சூடேறிக் கெட்டுவிடும். தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்கி, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். கிடேரிப் பன்றிகளுக்குப் பருவம் இல்லாமலே பின்புறம் வீங்கிச் சிவந்தால் முதலில் சோளத்தைச் சந்தேகப்படுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனம் சோதிக்கும் ஆய்வகம் இருக்கிறது, மொத்தமாக வாங்கும்போது ஒரு பொட்டலம் அனுப்பிப் பார்த்துவிடுவது நல்லது.

தருமபுரியில் பட்டுக்கூடு அங்காடி இருக்கிறது, நூற்பு ஆலைகளும் இருக்கின்றன, அங்கே கழிக்கும் கூட்டுப்புழு சோயாவை விடப் புரதம் கூடுதல். எண்ணெய் எடுத்துக் காய வைத்ததாக இருந்தால் 5 கிலோ சேர்த்து அந்த அளவு சோயாவைக் குறைக்கலாம். எண்ணெய் எடுக்காதது சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும், இறைச்சியிலும் நாற்றம் ஏறும், அதனால் விற்பதற்கு ஒரு மாதம் முன்பே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: சிப்காட் கம்பெனி கேன்டீன்களில் மிச்ச சாப்பாடு எடுத்துத்தான் 40 பன்றி வளர்க்கிறேன். முன்பு சும்மா கொடுத்தார்கள், இப்போது டிரம்முக்கு 100 ரூபாய் கேட்கிறார்கள். கொதிக்க வைத்துத்தான் போட வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். விறகுச் செலவையும் சேர்த்தால் இது கட்டுப்படியாகுமா?
ஓசூர் வாசகர்

கட்டுப்படியாகும். ஆனால் கொதிக்க வைக்காமல் போடுவதாக இருந்தால் இந்தத் தொழிலே வேண்டாம்.

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். கேன்டீன் கழிவில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். 200 லிட்டர் டிரம்மில் 40 கிலோதான் உண்மையான தீவனம். டிரம்முக்கு 100, வண்டி டீசல் பங்கு 120, விறகும் கூலியும் 140 என்று வைத்தால் 360 ரூபாய், உலர்ந்த எடையில் கிலோ 9 ரூபாய். கலப்புத் தீவனத்தை அதே மாதிரி ஈரம் நீக்கிப் பார்த்தால் 32 ரூபாய். எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். ஆனால் எல்லா கேன்டீனும் ஒன்றல்ல, சில இடத்தில் ரசமும் மோரும் கழுவின தண்ணீரும்தான் டிரம்மில் இருக்கும். ஒரு கிலோவை வடிக்காமல் அப்படியே தகரத்தில் பரப்பி இரண்டு நாள் வெயிலில் காய வைத்து எடை போடுங்கள். 200 கிராம் மிஞ்சினால் சரி, 100 தான் மிஞ்சுகிறது என்றால் நீங்கள் தண்ணீருக்கு டீசல் போடுகிறீர்கள்.

சோறு மட்டும் தின்று வளரும் பன்றி ஏழு மாதத்தில் முடிய வேண்டியது பத்து மாதம் இழுக்கும், கொழுப்பும் கூடும். சோயாவும் தவிடும் தாது உப்பும் கலந்து உருப்படிக்கு நாளைக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ கூடவே போடுங்கள். கலவையில் தனியாக உப்பு சேர்க்க வேண்டாம், சாம்பாரிலும் ஊறுகாயிலும் போதும் போதும் என்கிற அளவு உப்பு இருக்கிறது. நல்ல தண்ணீர் நாள் முழுக்கத் தொட்டியில் நிற்க வேண்டும், உப்பு ஏறித் தண்ணீர் கிடைக்காமல் போனால் பன்றி வலிப்பு வந்து விழும். ரப்பர் பேண்ட், பல்குச்சி, பால் கவர், எலும்பு எல்லாம் பொறுக்கி எடுக்க ஒரு ஆள் நிற்கத்தான் வேண்டும்.

இப்போது கொதிக்க வைக்கிற விஷயம். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020ல் அசாம், அருணாச்சலம் வழியாக நம் நாட்டுக்குள் வந்தது. 2022 ஜூலையில் வயநாடு மானந்தவாடியில் தெரிந்தது. 2023 ஜனவரியில் முதுமலைக் காட்டுப்பன்றிகளில் உறுதியானது. மனிதருக்கு அது வராது, ஆனால் பன்றிக்கு வந்தால் மருந்து கிடையாது, இங்கே நாம் வாங்கிப் போட அதற்குத் தடுப்பூசியும் கிடையாது. ஒரு பண்ணையில் உறுதியானால் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பன்றி அத்தனையையும் அழிப்பார்கள், பத்து கிலோமீட்டர் கண்காணிப்புப் பகுதி. வயநாட்டில் வந்தபோது வெளி மாநிலப் பன்றி உள்ளே வரக் கூடாது என்று கேரளா தடை போட்டது, நோய் எங்கேயோ இருக்க, விலை நம் கொட்டகையில் விழுந்தது அதனால்தான். அந்தக் கிருமி பதப்படுத்திய, உறைய வைத்த பன்றி இறைச்சியில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். யாரோ தின்று போட்ட ஒரு துண்டு உங்கள் டிரம்மில் வந்தால் போதும். டிரம் கொதி வந்த பிறகு அரை மணி நேரம் கிளறிக் கிளறிக் கொதிக்க விடுங்கள், மேலே ஆவி வந்ததும் இறக்கினால் நடுவில் இருப்பது வேகாது. பச்சை டிரம்மும் வெந்த டிரம்மும் ஒரே வாளி, ஒரே அகப்பை என்று இருக்கவும் கூடாது.

எனக்கு ஒரு வருஷம் மழைக்காலத்தில் விறகு ஈரமாக இருந்தது. நாலு நாள்தானே என்று கொதிக்க வைக்காமல் ஊற்றினேன். வந்தது ஆப்பிரிக்கக் காய்ச்சல் அல்ல, நம் ஊரில் எப்போதும் இருக்கும் சாதாரணப் பன்றிக் காய்ச்சல்தான், அதற்குத் தடுப்பூசி இருந்தும் அந்த ஈட்டுக் குட்டிகளுக்கு நான் போட்டிருக்கவில்லை. மூன்று வாரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூடியது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. தயவுசெய்து அந்தத் தடுப்பூசியை மறக்காதீர்கள், ஆடு மாட்டுக்குக் கேட்கிற மாதிரி கால்நடை மருந்தகத்தில் இதையும் உரிமையோடு கேளுங்கள்.

கேள்வி: மாங்கூழ் ஆலைக் கழிவு போடலாமா?
கிருஷ்ணகிரி வாசகர்

தோலைப் புதிதாக, அன்றன்றைக்கே என்றால் கொஞ்சம் போடலாம், ஒரு நாள் கிடந்து புளித்தது கழிச்சல் கொடுக்கும். கொட்டைப் பருப்பில் துவர்ப்பு அதிகம், ஊற வைத்து வேக வைத்தாலும் நூற்றுக்கு ஐந்து கிலோவுக்கு மேல் வேண்டாம். மே முதல் ஜூலை வரைக்கும்தான் கிடைக்கும் என்பதால் இதை நம்பிக் குட்டி எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். ராயக்கோட்டையில் விலை இல்லாமல் கொட்டுகிற தக்காளிக்கும் இதே பதில்தான், அது பெரும்பாலும் தண்ணீர்.

கேள்வி: தேசியக் கால்நடை இயக்கத்தில் பாதிப் பணம் மானியம் என்கிறார்கள். 50 தாய்ப்பன்றிப் பண்ணை போடலாம் என்று இருக்கிறேன். இப்போது என்னிடம் பன்றி இல்லை.
பென்னாகரம் வாசகர்

தம்பி, திட்டம் உண்மைதான். 50 தாய், 5 ஆண் என்றால் முதலீட்டில் பாதி, அதிகபட்சம் 15 லட்சம். 100 தாய், 10 ஆண் என்றால் 30 லட்சம் வரை. இணையத்தில் விண்ணப்பித்து, வங்கிக் கடன் ஒப்புதல் வாங்கி, இரண்டு தவணையாக வரும். ஆனால் நிலம் வாங்க, வாடகைக்கு, அன்றாட நடப்புச் செலவுக்கு அதில் காசு கிடையாது, தீவனம் அந்த நடப்புச் செலவில்தான் வரும்.

50 தாய்ப்பன்றி நாளைக்கு உருப்படிக்கு இரண்டரைக் கிலோ தின்றால் மாதம் 3,750 கிலோ. கிலோ 27 என்றாலும் ஒரு லட்சத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கு இணை சேர்த்தால் 114 நாள் சினை, அப்புறம் ஏழு மாதம் வளர்ப்பு, ஆகப் பத்து பதினொரு மாதம் ஒரு ரூபாய் உள்ளே வராது. குட்டிகள் வளர வளரத் தீவனம் தாய்ப்பன்றிச் செலவைப் போல இரண்டு மூன்று மடங்காகும். அந்த நேரத்தில் தீவனத்துக்குப் பணம் இல்லாமல் அரை வயிறு போட்டு, எடை வராமல், வந்த விலைக்கு விற்ற பண்ணைகளை நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் 3 தாய், 1 ஆண் வைத்து ஒரு வருஷம் நடத்துங்கள். குண்டலப்பட்டியில் இருக்கும் கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்திலோ பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் மையத்திலோ வெண்பன்றிப் பயிற்சி எப்போது என்று நேரில் போய்க் கேளுங்கள். நடப்புச் செலவுக்குக் கிசான் கடன் அட்டையில் கால்நடைக்கும் கடன் உண்டு, 2 லட்சம் வரைக்கும் ஒழுங்காகக் கட்டினால் வட்டி 4 விழுக்காடுதான், இதை வங்கியில் தானாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். நீங்கள் காட்டை ஒட்டி இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். காட்டுப்பன்றி வந்து உரசாத அளவுக்குக் கொட்டகையைச் சுற்றி இரட்டை வேலி கட்டாயம், அதை முதலீட்டுக் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் வியாபாரி எடை போடுவதே இல்லை. கண்ணால் பார்த்து ‘இது எழுபத்தஞ்சு’ என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார். எங்களிடம் தராசும் இல்லை. என்ன செய்வது?
தேன்கனிக்கோட்டை வாசகி

தையல்காரர் நாடா ஒன்று வாங்குங்கள் அக்கா, இருபது ரூபாய்க்கு முடிந்துவிடும். பன்றி தலையை நேராக வைத்து நிற்கும்போது முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். அப்புறம் இரண்டு காதுக்கும் நடுவிலிருந்து முதுகு மேலாக வால் தொடங்கும் இடம் வரை நீளம். மார்புச் சுற்றளவை மீட்டரில் எடுத்து அதையே அதால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 69.3 ஆல் பெருக்கினால் கிலோவில் எடை வரும். சுற்றளவு 1 மீட்டர், நீளம் 1.30 மீட்டர் என்றால் 90 கிலோ. இரண்டு மூன்று கிலோ முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் 90ஐ 75 என்று யாரும் சொல்ல முடியாது. 15 கிலோ 130 ரூபாய் வீதம் 1,950 ரூபாய், ஒரு பன்றிக்கு.

காலையில் தீவனம் வைப்பதற்கு முன் அளந்து சாக்பீஸால் முதுகில் எழுதிவிடுங்கள். வெறும் வயிற்று எடை இது என்று சொன்னால் ‘தீனி எடை’ என்று அவர் கழிப்பதற்கும் இடம் இல்லை. பத்துப் பன்றிக்கு மேல் வளர்க்கும் நாலு வீடு உங்கள் பக்கம் இருந்தால் சேர்ந்து ஒரு பிளாட்பாரத் தராசு வாங்கிவிடலாம், இரண்டு ஈட்டில் காசு திரும்பிவிடும்.

இன்னொன்று, வியாபாரியின் வண்டி. அது உங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன் எத்தனை பண்ணைக்குப் போய்விட்டு வந்தது என்று நமக்குத் தெரியாது. வண்டியைக் கொட்டகைக்கு ஐம்பது அடி முன்னாலேயே நிறுத்தச் சொல்லுங்கள், பன்றியை நீங்களே ஓட்டிக்கொண்டு போய் ஏற்றுங்கள். அவரோ அவர் ஆளோ உள்ளே இறங்க வேண்டாம். முகம் சுளிப்பார், நாலு முறை சொன்னால் பழகிவிடுவார்.

வியாபாரி முன்பணம் மட்டும் கொடுத்துவிட்டு மீதிக்கு ‘அடுத்த வாரம்’ சொல்கிறார் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். நானும் ஒருவரிடம் அப்படி ஆறு பன்றி ஏற்றிவிட்டு இரண்டு வருஷம் அலைந்தேன். முழுப் பணமும் கைக்கு வந்த பிறகு வண்டிக் கதவைச் சாத்துங்கள்.